பூ விவரம் எழுதப் போகிறீர்களா? 'இதழ்' என்று எழுதுமுன் இதைப் படியுங்கள்

முதலாண்டு ஹெர்பேரியம் ரெக்கார்டுக்கு (செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, விவரம் எழுதிக் கொடுக்கும் தொகுப்பு) நான் இருபது ஷீட் வைத்தேன். ஏழு திரும்பி வந்தன. செடியின் பெயர் எதிலும் தவறில்லை. தவறெல்லாம் பூ விவரத்தில்தான். காகிதப்பூவுக்கு 'அல்லிகள் மூன்று, ஊதா' என்று எழுதியிருந்தேன். அந்திமந்தாரைக்கு 'புல்லிகள் ஐந்து, பச்சை. அல்லிகள் ஐந்து, இணைந்தவை'. கல்வாழைக்கு 'அல்லிகள் நான்கு, பெரியவை, சிவப்பு'. இந்த மூன்று வரிகளில் நிறத்தைத் தவிர உருப்படியாக ஒன்றும் இல்லை என்று சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. கண்ணால் பார்த்துத்தானே எழுதினேன்?

சரி, திருத்தி எழுதலாம் என்றால் சில செடிகளில் பூக்காலம் முடிந்திருந்தது. மஞ்சள் செடியின் பூவுக்காக அடுத்த மழைக்காலம் வரை காத்திருந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்வழியில் தாவரவியல் படிக்க வந்தவர்கள், செடி மாதிரி சேகரிக்க வேண்டிய சித்த மருத்துவ, மருந்தியல் மாணவர்கள், பொழுதுபோக்காகச் செடிகளைக் குறித்து வைப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

1. 'இதழ்' என்ற சொல்லைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்

வீட்டில் நாம் பூவில் மெல்லிதாக, நிறமாக இருக்கும் எதையும் இதழ் என்கிறோம். ரெக்கார்டில் அந்தச் சொல் எதையும் தெளிவாகச் சொல்லாது. அதற்குப் பதிலாக நோட்டின் முதல் பக்கத்தில் கீழே உள்ளவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பூவின் வெளிவட்டம் புல்லி வட்டம். அதன் ஒவ்வொரு உறுப்பும் புல்லி. அடுத்த உள்வட்டம் அல்லி வட்டம், உறுப்பு அல்லி. இரண்டு வட்டங்களும் ஒரே மாதிரி இருந்தாலோ, ஒரே ஒரு வட்டம்தான் இருந்தாலோ அது பூவிதழ் வட்டம், உறுப்பு பூவிதழ். பூ எந்தச் செதிலின் கோணத்திலிருந்து, அதாவது அது காம்போடு சேரும் இடுக்கிலிருந்து, கிளம்புகிறதோ அந்தச் செதில் பூவடிச்செதில். பூக்காம்பிலேயே ஒட்டியிருக்கும் சிறிய செதில் பூக்காம்புச் செதில். ஒரு பூங்கொத்து முழுவதையும் போர்த்தும் பெரிய செதில் மடல். மகரந்தம் தராமல் வேறு வேலைக்குப் போய்விட்ட மகரந்தத்தாள் மலட்டு மகரந்தத்தாள். அல்லிக்கும் மகரந்தத்தாளுக்கும் நடுவில் வளையமாகவோ நூலாகவோ நிற்கும் கூடுதல் வளர்ச்சி மகுடம். சில புத்தகங்கள் இதைக் கரோனா என்றே எழுதுகின்றன.

இவற்றில் எது வேண்டுமானாலும் பளிச்சென்று நிறம் ஏறி, பார்ப்பதற்கு அல்லி போலவே நிற்கலாம். அப்போது பெயரை மாற்றாதீர்கள், முன்னால் ஓர் அடைமொழி போடுங்கள். 'அல்லி போன்ற பூவடிச்செதில்', 'அல்லி போன்ற புல்லி', 'அல்லி போன்ற மலட்டு மகரந்தத்தாள்'. உறுப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பெயர் சொல்லும். எப்படித் தெரிகிறது என்பதை அடைமொழி சொல்லும். எனக்குத் திரும்பி வந்த ஏழு ஷீட்டில் ஆறு இந்த ஒன்றைத் தெரிந்திருந்தால் தப்பியிருக்கும்.

இரண்டு சின்னக் குழப்பங்கள். 'அல்லி' என்பது குளத்துப் பூவின் பெயரும்தான். அந்தப் பூவை விவரிக்கும்போது 'அல்லியின் அல்லிகள்' என்று எழுத நேரும். சிரிப்பு வந்தாலும் வேறு வழியில்லை. வேண்டுமானால் செடிக்கு 'ஆம்பல்' என்று போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, இலங்கைப் பாடநூல்களில் மகரந்தத்தாளுக்குக் கேசரம் என்றும் சூல்முடிக்குக் குறி என்றும் இருக்கும். இரண்டு ஊர்ப் புத்தகங்களையும் வைத்துப் படித்தால், எழுதும்போது ஒரு மரபை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் 220 ரூபாய். பிளேடு 10, இடுக்கி 40, மில்லிமீட்டர் கோடு தெளிவாக உள்ள ஸ்கேல் 10. ஷீட் ஒன்று 12 ரூபாய் வீதம் இருபதுக்கு 240. லேபிள் பிரிண்ட் 30. மொத்தம் 550. பூவைப் பிரிக்கும் ஊசி விற்கிறார்கள். நான் தையல் ஊசியைப் பென்சில் முனையில் செருகி நூல் சுற்றிக்கொண்டேன். அழுத்துவதற்கு இரண்டு பிளைவுட் பலகையும் இரண்டு பழைய பெல்ட்டும் போதும். பழைய பேப்பர் வீட்டிலேயே கிடைக்கும்.

பணம் குறைவு என்றால் மற்றதை ஒப்பேற்றிக்கொள்ளலாம், லென்ஸை மட்டும் விடாதீர்கள். போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது அதற்கு ஈடாகாது. மகரந்தப்பை அல்லி விளிம்பில் ஒட்டியிருக்கிறதா என்பது லென்ஸில்தான் தெரியும்.

களக் குறிப்பேடு ஒன்று தனியாக வேண்டும். ரெக்கார்டு நோட்டை வயலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

3. நேரமும் அனுமதியும்

செம்பருத்தி காலையில் விரிந்து மாலைக்குள் வாடிவிடும். அந்திமந்தாரை மாலை நான்கு மணி வாக்கில்தான் விரியும். காலையில் போனால் சுருண்ட பூதான் கிடைக்கும். மஞ்சள் பூ மழைக்காலத்தில் வரும். செங்காந்தள் விரியும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, நாளாக நாளாகச் சிவப்பாகும். ஆகவே நிறம் எழுதும்போது 'விரிந்த முதல் நாள்', 'மூன்றாம் நாள்' என்று சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே கொடியை இரண்டு பேர் இரண்டு இனம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பூவோடு மொட்டும் காயும் சேர்த்துப் பறியுங்கள். பூ மட்டும் போதும் என்று வந்தவர்கள் எல்லோரும் மறுபடி போயிருக்கிறார்கள், நான் உட்பட. எது எதைத் தழுவியிருக்கிறது என்பதை மொட்டு காட்டும். எது உதிர்ந்தது, எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் காய் காட்டும்.

காப்புக்காட்டுக்குள் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். கல்லூரி அடையாள அட்டை அனுமதி ஆகாது. சாலையோரம், வயல்வரப்பு, தோட்டம் என்று போனால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள், கூடவே செடியின் ஊர்ப்பெயரையும் சொல்வார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தள், அரளி, எருக்கு மூன்றும் நஞ்சு. பிரித்துப் பார்த்த கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

4. வெளியிலிருந்து உள்ளே, கேள்வி கேட்டுக்கொண்டே

ஒரு பூவுக்கு முதலில் ஒரு மணி நேரம் ஆகும். பத்துப் பூ தாண்டியதும் இருபது நிமிடத்தில் முடியும். காம்பிலிருந்து தொடங்கி நடுவை நோக்கிப் போங்கள். நிறமான ஒவ்வோர் உறுப்பையும் பிய்ப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

அதன் கோணத்திலிருந்து பூவோ மொட்டோ கிளம்புகிறதா? ஆம் என்றால் அது பூவடிச்செதில். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அது பூத்தளத்தில் (காம்பு நுனியில் பூவின் வட்டங்கள் எல்லாம் நிற்கும் இடம்) நிற்கிறதா, கீழே காம்பில் நிற்கிறதா? காம்பில் நின்றால் பூவின் வட்டங்களில் சேராது.

அதற்கு வெளியே இன்னொரு வட்டம் இருக்கிறதா? இரண்டு வட்டம் இருந்தால் உள்வட்ட உறுப்பு வெளிவட்டத்தின் இடைவெளிக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். புல்லிக்கும் அல்லிக்கும் அந்த மாறி மாறி நிற்கும் ஒழுங்கு வழக்கமாக உண்டு.

அதன் ஓரத்திலோ நுனியிலோ பாதி மகரந்தப்பை ஒட்டியிருக்கிறதா? இருந்தால் அது மகரந்தத்தாள் வட்டத்தைச் சேர்ந்தது. அடுக்குச் செம்பருத்தியில் உள்பக்கத்து 'அல்லிகள்' சிலவற்றை லென்ஸில் பார்த்தால் இது தெரியும். பாதி அல்லி, பாதி மகரந்தப்பை என்று ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்.

இவற்றுக்குப் பிறகுதான் பிளேடை எடுக்க வேண்டும். பூவை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிளந்த பாதியை ஸ்கேலோடு வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் கல்வாழையை நான்கு முறை பறித்தேன்.

5. ஆளை ஏமாற்றும் பூக்கள்

புதியவர்கள் கைவைக்கும் செடிகளில் பாதி இந்தப் பட்டியலில்தான் இருக்கும், ஏனென்றால் எளிதில் கிடைப்பவை இவைதான்.

காகிதப்பூ. ஊதாவோ ஆரஞ்சோ, அந்த மூன்றும் பூவடிச்செதில்கள். ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒரு சிறிய குழாய் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அதுதான் பூ. ஆக நாம் ஒரு பூ என்று நினைப்பது மூன்று பூக்களின் கொத்து. குழாயின் நுனியில் வெளிர்நிறத்தில் ஐந்து மடிப்பாக விரிவது பூவிதழ் வட்டம். அல்லி கிடையாது. எழுத வேண்டியது: 'பூவடிச்செதில்கள் மூன்று, அல்லி போன்றவை, ஊதா, பூவிதழ்கள் ஐந்து, இணைந்து குழாயானவை'. உள்ளே இருக்கும் சிறிய பூவை விட்டுவிட்டுச் செதிலை மட்டும் அளந்து வைப்பவர்கள்தான் அதிகம்.

அந்திமந்தாரை. இது இன்னும் மோசம். ஏனென்றால் இங்கே பச்சையாக, ஐந்து பிளவோடு, அச்சு அசல் புல்லி வட்டம் போல ஒன்று நிற்கிறது. அது இணைந்த பூவடிச்செதில்கள். உள்ளே புனல் போல் விரியும் நிறமான பகுதி பூவிதழ் வட்டம். இதிலும் அல்லி கிடையாது. சந்தேகம் என்றால் காயைப் பாருங்கள். கறுப்பாக, மிளகு போல உருளும் 'விதை'யின் வெளி ஓடு அந்தப் புனலின் அடிப்பகுதி இறுகியதுதான். காகிதப்பூவும் இதுவும் ஒரே குடும்பம். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும்.

இந்த இரண்டுக்கும் 'அல்லி போன்ற புல்லிகள்' என்று எழுதும் புத்தகங்களும் உண்டு. உங்கள் துறையில் எந்தக் கையேடு பயன்படுகிறதோ அதன் வழக்கத்தைப் பின்பற்றிவிட்டு, 'அல்லிகள் இல்லை' என்ற வரியை மறக்காமல் சேருங்கள். மதிப்பெண் அந்த வரிக்குத்தான்.

கல்வாழை. வெளியே மூன்று சின்னப் புல்லிகள். காயின் தலையில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பவை அவை. அடுத்து மூன்று ஒடுங்கிய, கூர்மையான அல்லிகள். இவற்றை யாரும் கவனிப்பதில்லை. சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிதாக விரிந்து கண்ணைப் பறிப்பவை எல்லாம் மலட்டு மகரந்தத்தாள்கள். அவற்றில் ஒன்று வெளிப்புறமாக வளைந்து உதடு போல இருக்கும். வேலை செய்யும் மகரந்தத்தாள் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி அல்லி போலத் தட்டையாகி, ஓரத்தில் அரை மகரந்தப்பையை மட்டும் வைத்திருக்கும். சூல்தண்டும் தட்டைதான். பூவை எப்படி வெட்டினாலும் இரண்டு சம பாதி வராது. 'சமச்சீரற்ற மலர்' என்று எழுதும் வாய்ப்பு அதிகம் கிடைக்காது, இங்கே எழுதிக்கொள்ளுங்கள். மலட்டு மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை வகைக்கு வகை மாறும். ஆகவே புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் கையில் உள்ள பூவை எண்ணி எழுதுங்கள்.

மஞ்சள். ஈரோட்டுப் பக்கம் வயலில் இறங்கினால் இலைகளுக்கு நடுவே கதிர் தெரியும். உச்சியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருப்பதைப் பூ என்று பறித்து வருவார்கள். அவை பூ இல்லாத பூவடிச்செதில்கள். உண்மையான பூ கீழே, பச்சைச் செதில்கள் பை போல இணைந்திருக்கும் இடுக்கில், வெளிர்மஞ்சளாக எட்டிப் பார்க்கும். அந்தப் பூவிலும் உதடு போன்ற பெரிய பகுதி அல்லி இல்லை, மலட்டு மகரந்தத்தாள்களால் ஆனது. ஒரே செடியில் இரண்டு முறை ஏமாறலாம்.

சங்குப்பூ. அல்லிகள் இங்கே நிஜமான அல்லிகள்தான்: பெரிய கொடியல்லி ஒன்று, சிறகல்லிகள் இரண்டு, படகல்லிகள் இரண்டு. ஏமாற்றம் கீழே. புல்லிக் குழாயின் அடியில் வட்டமாக இரண்டு பச்சைத் தகடுகள் இருக்கும். புல்லிகள் இரண்டு என்று எழுதிவிடுவோம். அவை பூக்காம்புச் செதில்கள். பூ தலைகீழாகத் திரும்பி நிற்பதால் கொடியல்லி கீழ்ப்பக்கம் வரும் என்பதையும் குறியுங்கள். அடுக்குச் சங்குப்பூவை ரெக்கார்டுக்கு எடுக்காதீர்கள். அதில் கொடி, சிறகு, படகு என்று பிரித்துக் காட்ட முடியாது.

செம்பருத்தியிலும் இதே கதை. புல்லி வட்டத்துக்கு வெளியே ஒல்லியாக நிற்பவை புறப்புல்லி வட்டம். தனியாக எண்ணி எழுதுங்கள்.

முசாண்டா. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் சின்ன நட்சத்திரம் போல இருப்பது அல்லி வட்டம். பக்கத்தில் வெள்ளை இலை போல நீட்டிக்கொண்டிருப்பது ஐந்து புல்லிகளில் ஒன்று மட்டும் பெரிதானது. எல்லாப் பூவிலும் இருக்காது, ஆகவே கொத்தில் உள்ள பல பூக்களைப் பாருங்கள். நர்சரியில் கிடைக்கும் இளஞ்சிவப்பு வகைகளில் ஐந்து புல்லிகளுமே பெருத்திருக்கும்.

செங்காந்தள், சம்பங்கி மாலைக்குப் போகும் நிலச்சம்பங்கி, மழை பெய்ததும் பூக்கும் ரெயின் லில்லி: இவற்றில் பூவிதழ்கள் மூன்று வெளியே, மூன்று உள்ளே. 'அல்லிகள் ஆறு' என்று எழுதாதீர்கள். செங்காந்தளில் அவை பின்னோக்கி வளைந்து, விளிம்பு அலை அலையாக இருக்கும். கம்பியில் வளர்க்கும் பாசிஃப்ளோரா கொடியில் நேர் எதிர்: பத்தும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஐந்து புல்லி, ஐந்து அல்லி. பின்புறம் நுனிக்குக் கீழே சின்னக் கொம்பு உள்ளவை புல்லிகள். அதற்கு உள்ளே நூல் நூலாக நிற்பது மகுடம். எருக்கிலும் அரளியிலும் மகுடம் உண்டு; எருக்கில் அது மகரந்தத்தாள் தூணோடு ஒட்டியது, அரளியில் அல்லிக் குழாயின் வாயில் நிற்பது.

ஆந்தூரியத்தின் சிவப்புத் தகடு மடல். நடுவில் நிற்கும் மடல்கதிரில்தான் குட்டிக் குட்டிப் பூக்கள். சூரியகாந்தியிலும் வெட்டுக்காயப் பூண்டிலும் ஓரத்தில் உள்ள 'இதழ்' ஒவ்வொன்றும் முழுப் பூ, கதிர்ச் சிறுமலர். வெட்டுக்காயப் பூண்டில் அதன் நுனியில் மூன்று பிளவு தெரியும்.

6. எழுதும் வரிசை

இது சுருக்கம்தான். ஒவ்வொரு வட்டத்துக்கும்: எண்ணிக்கை, இணைந்ததா தனித்ததா, இதழமைவு (மொட்டில் உறுப்புகள் ஒன்றையொன்று தழுவும் முறை), வடிவம், விளிம்பு, நீளம் அகலம், நிறம், உதிருமா நிலைக்குமா. இந்த வரிசையை மாற்றாமல் எழுதினால் எதையும் விடமாட்டீர்கள்.

இதழமைவை விரிந்த பூவில் தேடாதீர்கள், மொட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரங்கள் தொட்டும் தொடாமலும் நின்றால் தொடு இதழமைவு. எருக்கின் அல்லிகள் அப்படி. ஒவ்வொன்றும் அடுத்ததை ஒரே திசையில் தழுவினால் திருகு இதழமைவு, செம்பருத்தி. சங்குப்பூவில் கொடியல்லி எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும், அது இறங்குதழுவு இதழமைவு. ஆவாரையிலும் மயில்கொன்றையிலும் அதே இடத்து அல்லி உள்ளே போய்விடும், அது ஏறுதழுவு.

நீளத்தைப் பறித்த அன்றே அளந்துவிடுங்கள், காய்ந்தால் சுருங்கும். நிறத்தை இருபுறமும் எழுதுங்கள். செம்மயிற்கொன்றையின் (குல்மோகர்) புல்லி வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. உள்பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள் அதையும் அல்லியோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள்.

மலர் வாய்ப்பாடு (பூவின் அமைப்பை ஆங்கில எழுத்தும் எண்ணுமாகச் சுருக்குவது) எழுதும்போது பூவிதழுக்கு பி, புல்லிக்கு கே, அல்லிக்கு சி. கே, சி இரண்டையும் போட்டுவிட்டு பி-யும் போட்டால் அங்கேயே பிடிபட்டுவிடுவீர்கள்.

7. ஷீட், லேபிள், சரிபார்ப்பு

ஷீட் அளவு சுமார் 29 × 42 செ.மீ. லேபிள் வலது கீழ் மூலையில். அறிவியல் பெயர், குடும்பம், ஊர்ப்பெயர், இடம், தேதி, செடியின் வளரியல்பு (மரமா, புதரா, கொடியா என்பது), பூவின் நிறம், சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண் எல்லாம் அதில் வர வேண்டும். காய்ந்த பிறகு நிறம் போய்விடும் என்பதால் நிறத்தை விட்டால் அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

முதல் பேப்பரை 24 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். பிறகு ஓரிரு நாளுக்கு ஒருமுறை. வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். மழையில் இன்னும் இழுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். கல்வாழை மாதிரி நீர்ச்சத்து மிகுந்த பூ அழுத்தியதும் பேப்பரோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மட்டும் ஒரு பூவைப் பிரித்து, உறுப்புகளை வரிசையாகப் பரப்பித் தனியாக அழுத்துங்கள். உபரியாக இரண்டு பூக்களை ஒரு சின்னக் காகித உறையில் போட்டு ஷீட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

ஆய்வுக்கோ மருந்துச் செய்முறைக்கோ அதிகாரபூர்வ அடையாளச் சான்று வேண்டுமென்றால், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதம், அடையாள அட்டை, பூவும் காயும் உள்ள மாதிரி, களக் குறிப்பின் நகல் எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தையும் வாங்கும் நாட்களையும் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சமர்ப்பிக்க வேண்டிய தேதிக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட் திரும்பி வந்துவிட்டது, பூக்காலமும் முடிந்துவிட்டது என்றால் உடனே கலங்க வேண்டாம். இதை எனக்கு மிகத் தாமதமாகத்தான் ஒரு சீனியர் அக்கா சொன்னார். உறையில் போட்டு வைத்த காய்ந்த பூவைக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் அது மெத்தென்று விரியும். ஊசியால் மெல்லப் பிரித்து மறுபடி எண்ணிக்கொள்ளலாம். நிறம் கிடைக்காது, வட்டங்கள் கிடைக்கும். நான் மஞ்சளுக்காக மழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த அத்தனை மாதமும், இரண்டு மஞ்சள் பூக்கள் என் மேசை டிராயரில் உறைக்குள்தான் இருந்தன.